கோட்டில் தெரிபவர் யார்?

991ஆம் ஆண்டு, ஃபுஜிவாரா நோ சுகேமாசா என்ற பிரபு கியோட்டோவை விட்டு மேற்கே கியூஷூ தீவில் புதுப் பதவி ஏற்கப் போய்க்கொண்டிருந்தார். வழியில், இன்று ஷிமோனோசெகி எனப்படும் துறையிலிருந்து உறவினர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். கிளம்பும் முன் அரசப் பிரதிநிதியைக் கண்டு விடைபெறாமல் வந்துவிட்டேன், அவர் மனம் கோணாதபடி நீதான் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். செய்தி அவ்வளவுதான். ஆயிரம் ஆண்டுகள் கடந்த பிறகும் அந்தத் தாள் இருக்கிறது. ‘ரிராகுஜோ’ என்ற பெயரில், ஜப்பானின் தேசியப் பொக்கிஷங்களுள் ஒன்றாக, டோக்கியோவின் ஹதாகேயாமா அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

ஒரு மன்னிப்புக் கடிதம் எப்படிப் பொக்கிஷமாகும்? செய்தியில் விடை கிடைக்காது. தாளைப் பார்த்தால் கிடைக்கும். எழுத்து சிறுத்தும் பெருத்தும் வருகிறது, கோடு தடித்துக் கிடந்து சட்டென்று நூலாகிறது, வேகம் ஏறுகிறது. அரண்மனை வட்டத்தின் எழுத்தில் இருக்க வேண்டிய அடக்கம் இதில் இல்லை. சுகேமாசா விட்டுச்சென்ற கடிதங்களில் பல இதே ரகம்தான். எதையோ செய்யத் தவறிவிட்டு வருத்தம் தெரிவிப்பவை. அக்கால வரலாற்றைச் சொல்லும் ‘ஓகாகாமி’ அவரைக் கைதேர்ந்த எழுத்துக் கலைஞர் என்று புகழ்ந்த கையோடு, பொறுப்பில்லாத சோம்பேறி என்றும் சொல்லிவிடுகிறது. பத்தாம் நூற்றாண்டின் மும்மூர்த்திகளாக ஜப்பான் கொண்டாடும் எழுத்துக் கலைஞர்களில் அவர் ஒருவர். மற்ற இருவர் ஓனோ நோ மிச்சிகாஸேயும் ஃபுஜிவாரா நோ யுகினாரியும். யுகினாரியின் கை ஒழுங்கும் அழகும் கொண்டது, குறை சொல்ல இடமில்லை. ஆனாலும் சுகேமாசாவின் பதற்றத்தின் முன்னால்தான் அதிக நேரம் நிற்கத் தோன்றுகிறது என்பவர்கள் உண்டு. இது ரசனை சார்ந்த விஷயம்.

ரசனை சார்ந்தது என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடுமா? ஷோதோ என்னும் ஜப்பானிய எழுத்துக்கலையை அணுகுபவர்களுக்கு வழக்கமாக இரண்டு சுலபமான வழிகள் காட்டப்படுகின்றன. ஒன்று, இதை அரூப ஓவியம்போலப் பார்த்து மனதுக்குப் பட்டதைச் சொல்வது. மற்றது, எழுத்தில் எழுதியவரின் குணம் தெரியும் என்று நம்பி அவரது வாழ்க்கைக் கதையைத் தாளில் தேடுவது. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை அறிய, தூரிகை தாளில் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மை முதலில். சுமி எனப்படும் அது, புகைக்கரியையும் விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சிய வஜ்ஜிரப் பசையையும் பிசைந்து அச்சில் வார்த்து உலர்த்திய கட்டி. நாரா நகரில் 1577இல் தொடங்கிய கோபாயென் என்ற நிறுவனம் இன்றும் அதைச் செய்கிறது. பசை கெட்டுப்போகாமலிருக்கக் குளிர்காலத்தில்தான் வேலை. எண்ணெய் விளக்கின் புகைக்கரியில் செய்த மை பழுப்புச் சாயல் காட்டும். பைன் மரத்தை எரித்த கரியில் செய்தது நீலம் தட்டும். எழுத உட்காருபவர் மைக்கல்லில் சொட்டு நீர் விட்டு அந்தக் கட்டியை உரைப்பார். எவ்வளவு நேரம் உரைக்கிறார், எவ்வளவு நீர் சேர்க்கிறார் என்பதிலேயே எழுத்தின் பாதிக் குணம் முடிவாகிவிடுகிறது.

பிறகு தூரிகை. விலங்கு முடியால் ஆன அந்தக் குஞ்சம் அழுத்தத்துக்குப் படுக்கும், தூக்கினால் கூராகும். பேனாவுக்கு இல்லாத மூன்றாவது பரிமாணம் இது. கை மேலும் கீழும் போவதும் தாளில் பதிகிறது. கைமுறைத் தாள் மையை உடனே குடித்துவிடும். ஒரு கணம் தயங்கினால் அந்த இடத்தில் மை ஊறிப் பரவும். விரைந்தால் மை தீர்ந்து, முடிகளின் தடம் வெள்ளை வரிகளாகத் தெரியும். அழிக்க முடியாது, மேலே பூசித் திருத்துவது வழக்கமில்லை. இன்னொரு விந்தையும் உண்டு. இரண்டு கோடுகள் குறுக்கிடும் இடத்தில் முதலில் எழுதிய கோடுதான் மேலே கிடப்பதுபோலத் தெரியும். முதல் மையின் பசை இழைகளை அடைத்துவிட, அடுத்து வரும் மை அங்கே புக முடிவதில்லை. ஆக, எந்தக் கோடு முன்னால் வந்தது என்பதைக்கூடத் தாளே சொல்லிவிடுகிறது.

இதனால் என்ன? ஓவியத்தில் ஓவியர் எங்கே தொடங்கினார் என்று பெரும்பாலும் நமக்குத் தெரியாது. எழுத்தில் தெரியும். சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்து ஒவ்வொன்றுக்கும் கோடுகளின் வரிசை உண்டு. பள்ளிப் பிள்ளைகள் அதை மனப்பாடமாகப் படிக்கிறார்கள். வலதைக் குறிக்கும் எழுத்தும் இடதைக் குறிக்கும் எழுத்தும் தலைப்பகுதியில் ஒன்றுபோலவே இருக்கும்: ஒரு கிடைக்கோடு, இடப்பக்கம் சரியும் ஒரு சாய்கோடு. ஆனால் வலதில் சாய்கோடு முதலில் வரும், இடதில் கிடைக்கோடு முதலில் வரும். அதற்கேற்பக் கோடுகளின் நீளமும் மாறும். இந்த வரிசை தெரிந்தவர் ஒரு சுருளின் முன் நிற்கும்போது, அவரது கண் உருவத்தைப் பார்ப்பதோடு நிற்பதில்லை. தொடக்கம் முதல் முடிவு வரை தூரிகையோடு கூடவே நடக்கிறது. சபையில் ராக ஆலாபனை கேட்டபடி தன்னையறியாமல் விரலால் தொடையில் சுரம் போடும் ரசிகரைப்போல, அருங்காட்சியகத்தில் சிலர் காற்றில் விரலை அசைத்தபடி நிற்பதற்குக் காரணம் இதுதான்.

எழுத்து எல்லோருக்கும் பொது, அதன் வரிசையும் பொது. எங்கே தயங்குகிறார், எங்கே பாய்கிறார், எந்தக் கோட்டை இழுத்து எதை விழுங்குகிறார் என்பது மட்டும்தான் ஒருவருக்குச் சொந்தம். பொதுவானது உறுதியாக இருப்பதால்தான் சொந்தமானது கண்ணில் படுகிறது. இந்தக் கலையின் ‘தனிப்பட்ட’ தன்மை சுதந்திரத்தில் பிறந்ததன்று. கட்டுப்பாட்டின் இடுக்கில் கசிவது.

பயிற்சி முறையைப் பார்த்தால் இது இன்னும் துலக்கமாகிறது. ஷோதோ கற்பவர் ஆண்டுக்கணக்கில் செய்வது பிரதி எடுப்பது. ரின்ஷோ என்பார்கள். முதலில் உருவத்தை அப்படியே பிடிப்பது, பிறகு அதன் உட்கருத்தைப் பிடிப்பது, கடைசியில் மூலத்தை மூடிவைத்துவிட்டு எழுதுவது. நான்காம் நூற்றாண்டின் சீன எழுத்துக் கலைஞர் வாங் ஷீஜிதான் எல்லோருக்கும் ஆதி ஆசான். அவர் கைப்பட எழுதியது ஒன்றுகூட இன்று இல்லை, கிடைப்பவை பிரதிகளும் பிரதிகளின் பிரதிகளும் மட்டுமே என்பது இந்தக் கலையின் வேடிக்கைகளில் ஒன்று. பேரரசி கோம்யோ 744இல் வாங் ஷீஜியின் ஒரு படைப்பைப் பார்த்து எழுதிய சுருள் நாராவின் ஷோசோயின் கருவூலத்தில் இருக்கிறது. பணிவாகத் தொடங்கிய பிரதி வேலைதான். ஆனால் அந்தக் கோடுகளின் அழுத்தமும் துணிவும் மூலத்தின் சாந்தத்தோடு ஒட்டவில்லை. கடைசியில் பேரரசி என்று கையெழுத்திடாமல், ஃபுஜிவாரா குலத்தின் மூன்றாம் மகள் என்றே எழுதியிருக்கிறார். நகல் எடுக்க உட்கார்ந்தவர் தன்னை எழுதிவிட்டு எழுந்திருக்கிறார். (அதே கருவூலத்தில் தமிழர்கள் தேடிப் பார்க்கத்தக்க ஒன்றும் இருக்கிறது: 752இல் நாராவின் மாபெரும் புத்தருக்குக் கண் திறந்த தென்னிந்தியத் துறவி போதிசேனர் பிடித்த தூரிகை.)

அப்படியானால் எழுத்தில் ஆள் தெரிவது உண்மைதானே என்று கேட்கலாம். இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

ஜப்பானில் எழுத்துக்கலைக்குத் தெய்வம்போல மதிக்கப்படுபவர் கூக்காய் (774–835). சீனாவுக்குப் போய் 806இல் திரும்பி ஷிங்கோன் பௌத்தத்தை நிறுவியவர். நல்ல கலைஞன் தூரிகையைத் தேர்ந்தெடுக்க மாட்டான் என்ற பழமொழி அவர் பெயரில் வழங்குகிறது. உண்மையில் அவர் தூரிகை விஷயத்தில் மிகக் கறாரானவர். 812இல் பேரரசர் சாகாவுக்கு வளைக்கரடி முடியில் செய்த தூரிகைகளை அனுப்பி, எதற்கு எது பொருந்தும் என்று விளக்கியவர். அவர் சக துறவி சைச்சோவுக்கு எழுதிய மூன்று கடிதங்கள் ஒரே சுருளாக கியோட்டோவின் தோஜி கோயிலில் இருக்கின்றன. ‘ஃபூஷின்ஜோ’ என்று பெயர். முதல் கடிதம் கனத்த, நிமிர்ந்த எழுத்து. அடுத்தது நெகிழ்கிறது. மூன்றாவது முழுக்க ஓட்டெழுத்தாக இழைகிறது. எழுதியவர் ஒருவர், பெற்றவரும் ஒருவர். மூன்றில் எது கூக்காயின் குணம்? மூன்றும்தான் என்றால், குணம் என்ற சொல்லுக்கு அங்கே பெரிதாக வேலை இல்லை. அன்றைய மனநிலை, அன்றைய மை, அன்று எடுத்த தூரிகை என்பதுதான் பொருத்தம்.

இன்னும் கூர்மையான உதாரணம் ‘கோயாகிரே’. பதினோராம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் படியெடுக்கப்பட்ட, ‘கொகின் வகாஷூ’ கவிதைத் தொகுப்பின் ஆகப் பழைய பிரதி. ஒலியைக் குறிக்கும் ஜப்பானிய எழுத்தான கானாவின் உச்சம் என்று இதைத்தான் காட்டுகிறார்கள். எழுத்துகள் ஒன்றோடொன்று கைகோத்து, பிரிந்து, மீண்டும் கோத்துக்கொண்டு இறங்கும் நளினம் வேறெங்கும் சுலபமாகக் கிடைக்காது. இதை எழுதியவர் அந்தத் தொகுப்பைத் தொகுத்த கவிஞர்களில் ஒருவரான கி நோ சுராயுகி என்று நூற்றாண்டுகளாக நம்பினார்கள். அந்த எழுத்தில் அவரது கவிமனத்தைக் கண்டு உருகினார்கள். சுராயுகி இறந்தது பத்தாம் நூற்றாண்டின் நடுவில். பிரதி அவருக்குச் சுமார் நூறு ஆண்டு பிந்தியது. அதுமட்டுமல்ல, கூர்ந்து பார்த்தால் அதில் மூன்று வேறு கைகள் தெரிகின்றன. ஆய்வாளர்கள் அவற்றை முதல் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை என்றே குறிக்கிறார்கள். இரண்டாம் கை மினாமோட்டோ நோ கானேயுகி என்பவருடையது என்று கண்டறிந்தார்கள்.

சுராயுகி போனதால் கோயாகிரேயின் அழகு குறையவில்லை. ஆனால் அந்த எழுத்தில் கண்டதாகச் சொன்ன ‘மனிதர்’ பெரிய அளவில் பார்ப்பவர்களின் கற்பனை என்பது வெளியாகிவிட்டது. அதே நேரம் மூன்று கைகளைப் பிரித்தறிந்ததும் வெறும் கண்தான். பெயர் சொல்லும் கண் ஏமாந்தது. கோட்டைப் பின்தொடர்ந்த கண் ஏமாறவில்லை. ரசனை என்பது தோன்றியதைச் சொல்வது மட்டுமே என்பவர்களுக்கு இது நல்ல பதில். ரசனையிலும் சரிபார்க்க முடிந்த பகுதி ஒன்று உண்டு.

எடோ காலத்தில் இந்தக் கண்ணே தொழிலாகியது. பழைய சுருள்களைத் துண்டுதுண்டாக வெட்டி ஆல்பங்களில் ஒட்டிச் சேகரிக்கும் மோகம் பரவியபோது, துண்டு யாருடையது என்று சான்றுச்சீட்டு எழுதித்தரும் கோஹிட்சு என்ற குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் செழித்தது. அந்தச் சீட்டுகளில் பல பெருந்தன்மையானவை. பெரிய பெயர் போட்டால் பெரிய விலை.

பெயரின் மயக்கம் எங்கே அதிகம் என்று கேட்டால் ரியோகன் (1758–1831) என்று தயங்காமல் சொல்லலாம். எச்சிகோ பகுதியின் குகாமி மலையில் குடிசை போட்டு, பிச்சையெடுத்து வாழ்ந்து, குழந்தைகளோடு பந்து விளையாடிய ஜென் துறவி. தொழில்முறை எழுத்துக் கலைஞர்களின் எழுத்து தனக்குப் பிடிக்காது என்று சொன்னவராக நினைவுகூரப்படுகிறார். ஒரு குழந்தை பட்டம் செய்யத் தாளை நீட்டி எழுதித்தரக் கேட்டதாம். வானத்தில் பெருங்காற்று என்ற பொருளில் நான்கு எழுத்துகளை எழுதிக் கொடுத்தாராம். அந்த நான்கு எழுத்துகளும் இன்று ஜப்பானில் மிக அதிகம் அச்சிடப்படும் எழுத்துக்கலைப் படங்களில் சேர்ந்துவிட்டன. மெலிந்த, தளர்ந்த, நடக்கப் பழகும் பிள்ளைபோன்ற கோடுகள். கள்ளமில்லாத உள்ளம் அப்படியே தாளில் இறங்கிவிட்டது என்று எழுதாதவர் குறைவு.

ஆனால் ரியோகன் பயிற்சி இல்லாதவரல்ல. தாங் காலச் சீனத் துறவி ஹுவாய்சுவின் ஓட்டெழுத்தையும், ஓனோ நோ மிச்சிகாஸேயின் பெயரால் வழங்கும் ‘அகிஹாகிஜோ’ சுருளையும் வைத்துக்கொண்டு ஆழ்ந்து பயின்றவர் அவர். அந்தத் தளர்ச்சி கற்றுக்கொண்டு அடைந்தது. போலிகள் இதற்குப் பக்கவாட்டுச் சாட்சி: ரியோகனின் பெயரில் கள்ள எழுத்துகள் ஏராளம். பிள்ளைத்தனமான கோடு எவருக்கும் வரும் என்று போலி செய்பவர்கள் எண்ணியிருக்கலாம். தேர்ந்த கண் அவற்றை ஒதுக்குவது, அந்த எளிமையின் அடியில் இருக்கும் எலும்பு போலியில் இல்லாததால்தான்.

இவ்வளவு நுணுக்கமாக ரசிக்கப்பட்ட கலை, கலையே அல்ல என்று ஒருநாள் ஜப்பானிலேயே சொல்லப்பட்டது. மேற்கத்திய பாணி ஓவியர் கோயாமா ஷோதாரோ 1882இல் ஒரு பத்திரிகைத் தொடரில் இதை வாதிட்டார். எழுத்து மொழியின் குறி. அதைச் சிறப்பாக எழுதினாலும் அது குறிதான். ஓவியமும் சிற்பமும்போல வெளிநாட்டில் விற்கவும் முடியாது என்பது அவர் கட்சி. மெய்ஜி அரசு கலைப்பொருட்களை ஏற்றுமதிச் சரக்காகக் கணக்கிட்ட காலம் அது. பதில் எழுதியவருக்கு அப்போது இருபது வயதுகூட நிரம்பியிருக்குமா என்பது சந்தேகம்: ஒகாகுரா காகுஸோ. பின்னாளில் ‘தேநீர் நூல்’ எழுதி உலகப் புகழ் பெற்றவர், இந்தியா வந்து தாகூர் குடும்பத்தோடு பழகியவர். கலையைப் பணத்தால் அளக்கத் தொடங்கினால் கலையின் மதிப்பே போய்விடும் என்று அவர் சீறினார். சீறலில் நியாயம் இருந்தது. ஆனால் கோயாமாவின் கேள்வியும் லேசானதல்ல. வாசிக்க முடியாத ஒருவருக்கு இதில் என்ன கிடைக்கும் என்பதுதான் அதன் உள்ளுறை. தேசியக் கலைக்காட்சியான நிட்டென்னில் எழுத்துக்கலைக்குத் தனிப் பிரிவு கிடைக்க 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கதவு திறந்த மூன்றே ஆண்டுகளில் உள்ளே ஒரு கலகம். 1951 நிட்டென் காட்சியில் எழுத்துக் கலைஞர் உவேதா சோக்யூ வைத்த படைப்புக்குப் பெயர் ‘அன்பு’. தாளில் இருந்ததோ வேறோர் எழுத்து: மூன்று வாய்கள் சேர்ந்து பொருளையோ தரத்தையோ குறிக்கும் எழுத்து. தவழும் பேரக்குழந்தையைப் பார்த்து எழுதியது என்றார்கள். எழுதியதை வாசிக்கலாம், தலைப்பையும் வாசிக்கலாம், இரண்டும் ஒத்துப்போகாது. எழுத்தின் பொருளிலிருந்து கோட்டை அவிழ்த்துவிட்ட முக்கியமான நிகழ்வு அது.

அவிழ்த்த கயிற்றை இன்னும் தூரம் இழுத்தவர்கள் அடுத்த தலைமுறையினர். மொரிதா ஷிர்யூ 1951இல் ‘பொகுபி’ இதழைத் தொடங்கினார். முதல் இதழே அமெரிக்க அரூப ஓவியர் ஃப்ரான்ஸ் க்ளைனைக் கொண்டாடியது. 1952 ஜனவரியில் கியோட்டோவின் ரியோவான்ஜி கோயிலில் ஐவர் கூடி ‘பொகுஜின்காய்’ என்ற அமைப்பை நிறுவினார்கள். அவர்களில் ஒருவர் உவேதாவின் மாணவரான இனோவே யூயிச்சி (1916–1985). டோக்கியோவில் தொடக்கப் பள்ளி ஆசிரியர். ஒரு கட்டத்தில் அவர் எழுத்தையே கைவிட்டார். சுமிக்குப் பதில் எனாமல், தூரிகைக்குப் பதில் விளக்குமாறு மாதிரியான கட்டு, தாளில் எந்த எழுத்துமில்லாத வீச்சுகள். அந்தக் காலத்து மேற்கத்திய விமர்சகர்களுக்கு இது உடனே புரிந்திருக்கும், ஏனெனில் அவர்களிடம் ஏற்கெனவே இருந்ததுதான்.

இனோவே அங்கேயே நின்றுவிடவில்லை. 1956இல் மறுபடி எழுத்துக்குத் திரும்பி ‘குதெட்சு’ என்ற இரண்டு எழுத்துகளை எழுதினார். மடமையில் கடைசிவரை நிற்பது என்று சுமாராகப் பொருள் சொல்லலாம். அடுத்த ஆண்டு அது சாவோ பாவ்லோ ஈராண்டுக் கலைவிழாவில் காட்டப்பட்டது. கலை விமர்சகர் ஹெர்பர்ட் ரீட் தமது நவீன ஓவிய வரலாற்று நூலிலும் அதைச் சேர்த்துக்கொண்டார். எழுத்தில்லாத வீச்சுகளைவிட இந்த இரண்டு எழுத்துகள் ஏன் ஓங்கி நிற்கின்றன? கோடு எங்கே போக வேண்டும் என்பது முன்பே முடிவாகியிருப்பதால், அங்கே போகாமல் அது திமிறுவதும், போய்த்தான் தீர வேண்டும் என்று அடங்குவதும் தெரிகின்றன. எழுத்தில்லாத தாளில் திமிறுவதற்கு எதிராக எதுவுமில்லை. கோயாமாவுக்கு எழுபது ஆண்டு கழித்து வந்த சரியான பதில் ஒகாகுராவின் கட்டுரையைவிட இதுதான் என்று தோன்றுகிறது. பிற்பாடு வறுமை என்ற ஒற்றை எழுத்தை இனோவே திரும்பத் திரும்ப எழுதினார். அதே எழுத்து, ஒவ்வொரு தாளிலும் வேறொரு ஆள் நடந்து வருவதுபோல.

பள்ளிகளில் நடப்பதோ முற்றிலும் வேறு உலகம். ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்பிலிருந்து தூரிகை எழுத்து பாடமாக உண்டு. ஆசிரியர் செந்நிற மையால் திருத்துவார், நன்றாக வந்தால் பூப்போலச் சுழித்துக் காட்டுவார். புத்தாண்டின் முதல் எழுத்தாகக் கருதப்படும் ககிஸோமேயை ஒட்டி, ஒவ்வொரு ஜனவரியிலும் டோக்கியோவின் புடோகான் அரங்கில் ஆயிரக்கணக்கானோர் தரையில் வரிசையாக மண்டியிட்டு ஒரே நேரத்தில் எழுதுகிறார்கள். தற்காப்புக் கலைகளைப்போலத் தரநிலைகளும் சான்றிதழ்களும் உண்டு. ரசனைக் கலைக்கு மதிப்பெண்ணா என்று சிரிக்கலாம். ஆனால் இந்தப் பொது அடித்தளம் இல்லையென்றால் இனோவேயின் மீறலை மீறல் என்று எவருக்குத் தெரியும்? 2021இல் அரசு ஷோதோவைப் பதிவுபெற்ற அருவப் பண்பாட்டுச் சொத்தாக்கியபோது, காக்க வேண்டியது சில மேதைகளின் சுருள்களை அல்ல, இந்தப் பரந்த பழக்கத்தைத்தான் என்ற கவலையும் அதில் கலந்திருந்தது.

ஜப்பானிய மொழி தெரியாத தமிழ் வாசகர் ஒருவர் ஒரு சுருளின் முன் நின்றால் அவருக்கு எவ்வளவு கிடைக்கும்? நிறையவே கிடைக்கும். தூரிகை இறங்கிய இடம், மை வற்றிய இடம், மறுபடி தோய்த்த இடம் ஆகியவற்றைத் தேடினாலே ஐந்து நிமிடத்தில் ஒரு கையின் பயணம் பிடிபடும். கோயாகிரேயைப் பிரித்தறிந்த கண்ணின் முதல் பாடமும் அதுதான். ஆனால் எல்லா இடத்திலும் இது போதாது.

1945 மார்ச் 10 அதிகாலை அமெரிக்க விமானங்கள் கிழக்கு டோக்கியோவை எரித்தபோது, யோகோகாவா பள்ளியில் அடைக்கலம் புகுந்த மக்கள் தீயிலும் புகையிலும் மாண்டார்கள். அன்றிரவு அங்கே பணியில் இருந்த ஆசிரியர் இனோவே. நினைவிழந்து கிடந்து பிழைத்தார். முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 1978இல், அந்த இரவைச் சொற்களாக்கி ஒரே பெரிய தாளில் எழுதினார். ஒற்றை எழுத்து மேதை என்று பெயர் வாங்கியவர், இங்கே எழுத்துகளை நெருக்கியடித்து, தள்ளாட்டமும் பிசிறும் அப்படியே நிற்க, வரிவரியாக நடந்ததைச் சொல்லிக்கொண்டு போகிறார். கோட்டை மட்டும் பின்தொடர்பவருக்கு அதன் தடுமாற்றம் தெரியும்; யார் யார் எப்படி இறந்தார்கள் என்பது தெரியாது. இதை முதலில் மொழிபெயர்ப்பில் படித்துவிட்டு, அதன்பின் தாளிடம் போவதே நல்லது.